வக்கீலின் அடுத்த உத்தியோகம்

பேங்க் சாஃப்ட்வேர் பிராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்காமல் வீட்டில் இருந்த நாட்களில் என் கணவருக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார். என்ன, அவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து லைப்ரரியில், பத்தொன்பதாம் நூற்றாண்டு வக்கீல் ஒருவர் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அந்தக் கோணல்மாணல் கையெழுத்தைப் படித்து டைப் அடிக்க வாலன்டியர்கள் தேடினார்கள். மளிகை லிஸ்ட்டில் நான் எழுதிய கடுகை மிளகு என்று படித்து வாங்கி வருகிறவர், ஓடிப்போய்ப் பெயர் கொடுத்தார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் வக்கீல் புராணம்தான். ஊரில் நன்றாக நடந்த பிராக்டிஸை விட்டு, அரசாங்க உத்தியோகத்துக்கு வாஷிங்டன் போனாராம். ஜனாதிபதி மாறினார், வேலை போயிற்று. அப்ளிகேஷன் மேல் அப்ளிகேஷன் போட்டு, நிலப் பட்டா வழக்குகளை நடத்த கலிபோர்னியாவுக்கு அரசு வக்கீலாகப் போனார். அதுவும் முடிந்ததும் டெக்சாஸ். ஒவ்வொரு முறையும் முதலில் இவர் போவார், பிறகு மனைவி வீட்டைக் காலி செய்துகொண்டு பின்னால் போக வேண்டும்.

“நம்ம ஆளுக்கு எக்ஸ்டென்ஷன் கிடைக்கல,” என்பார் என் கணவர், பக்கத்து சீட்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

“அவரும் பிராஜெக்ட் இல்லாம பெஞ்ச்ல இருக்காரா? உங்களுக்குத் துணையாச்சு,” என்பேன்.

அப்போதுதான் டெக்சாஸில் இருக்கிற ஃபிரிஸ்கோவிலிருந்து இவருக்கு ஆஃபர் வந்தது. கலிபோர்னியாவின் பே ஏரியா, டெக்சாஸ், ஜெர்சி என்று மூன்று ஸ்டேட்டில் டிரைவிங் லைசென்ஸ் மாற்றியவள் நான். ஈரோட்டில் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு பே ஏரியாவில் வேலை பார்க்க விசா இல்லை. டெக்சாஸில் யாராவது டீச்சர் லீவு போட்டால் கூப்பிடுவார்கள். ஜெர்சியில்தான் மறுபடி பரீட்சை எழுதி, சர்டிஃபிகேட் வாங்கி, வருகிற செப்டம்பரில் எனக்கென்று ஒரு ஏழாம் வகுப்பு கிடைக்கவிருந்தது. இங்கே வாங்கிய சர்டிஃபிகேட்டோடு டெக்சாஸில் நேராக வகுப்புக்குள் போய்விட முடியாது. திரும்ப அப்ளை பண்ண வேண்டும், திரும்பப் பரீட்சை.

“ரெண்டே வருஷம். அப்புறம் இங்கயே வந்துடலாம்,” என்றார். “நம்ம வக்கீலும் ஒவ்வொரு லெட்டர்லயும் இதத்தான் எழுதறார்.”

“அவர் ஒய்ஃப் என்ன பதில் எழுதினாங்க?”

“அவங்க லெட்டர் ஒண்ணுகூட இல்ல. இவர் எழுதினத அவங்க பத்திரமா வச்சிருக்காங்க. அவங்க எழுதினத இவர் வச்சுக்கல.”

“அவங்க பேராவது தெரியுமா?”

யோசித்தார். “எல்லாத்துலயும் ‘மை டியர் ஒய்ஃப்’தான்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வழக்கம்போல, “ஆம்பளைங்க எல்லா நூற்றாண்டுலயும் ஒரே மாதிரிதான்,” என்று சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன்.

இரண்டு நாள் கழித்து லைப்ரரியிலிருந்து மதியமே திரும்பி வந்தார். சமையலறை வாசலில் நின்று போனைப் பார்த்துப் படித்தார். கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டு வா என்று வக்கீல் எழுதிய கடிதத்தின் பின்பக்கம், வேறு கையெழுத்தில் ஒரு லிஸ்ட் இருந்ததாம். தொட்டில், தங்கைக்கு. போர்வை இரண்டு, எடுத்துக்கொள்ள. பியானோ என்பதற்கு எதிரே ‘எடுத்துக்கொள்ள’ என்று எழுதி அடித்திருந்தது, மறுபடி அதையே எழுதி மறுபடி அடித்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

போனை மேஜைமேல் வைத்தார். “ஃபிரிஸ்கோவுக்கு நாளைக்குள்ள பதில் சொல்லணும். நீ என்ன சொல்ற?”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் இப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, அழுகை அப்புறம். அவர் கேட்டதில்லை, சரி. நானும்தான் சொன்னதில்லை. மூன்று முறையும் கிண்டலடித்துக்கொண்டே பெட்டி கட்டியிருக்கிறேன். நான் சிரிக்கிறேன், அதனால் சம்மதம் என்று அவர் நினைத்திருக்கிறார்.

“எனக்குப் போக இஷ்டமில்ல,” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார், “கலிபோர்னியாவ விட்டுக் கிளம்பும்போதும் வேண்டாம்னுதான் இருந்துச்சா?”

“ஆமா,” என்றேன்.

“டெக்சாஸ விட்டு வரும்போது?”

“அப்பவும்தான்.”