கடைசி வயலுக்கு இரண்டு தண்ணீர்

குளத்து மீனின் ருசியைப் பற்றி யாராவது பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். வீட்டில் மீன் சமைப்பதை விட்டும் எத்தனையோ வருஷமாகிறது. உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய்.

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமாகி நான் சங்கரன்கோவிலுக்கு வந்த இரண்டாம் வருஷம், என் வீட்டுக்காரர் ஒரு குளத்து மீனை ஏலத்தில் எடுத்தார். நான் பிறந்த ஊர்க் குளம்தான், வாசுதேவநல்லூருக்குக் கிழக்கே இருக்கிறது. அதுவரை தன் அண்ணன் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தவர் சொந்தமாக இறங்கிய முதல் காரியம் அது. "இவனாவது, மீன் பிடிக்கதாவது" என்று என் மாமியார் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவர் ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று இவரைவிட நான்தான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

பங்குனி பிறந்ததும் குளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. இனி வெயிலில் தண்ணீர் சூடேறினால் மீன் செத்து மிதக்கும். அதற்குள் மடையைத் திறந்து குளத்தை வடித்து, சேற்றில் பதுங்கும் விராலை அள்ளிவிட வேண்டும். ஆனால் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசி வயல் அறுப்பு முடிகிறவரை மீனுக்காக யாரும் மடையைத் தொடக் கூடாது. அந்த வருஷம் கடைசி வயல் என் அப்பாவுடையது. மஞ்சள் காமாலையில் படுத்து எழுந்து, ஒரு மாதம் பிந்தி நட்டிருந்தார். ஊரே அறுத்து முடித்தபோது அவர் பயிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது.

"இன்னும் ரெண்டு தண்ணி போதும் மாப்ள. அதுக்கப்புறம் கொளத்தையே தூக்கிட்டுப் போங்க" என்றார் அப்பா. சொன்னதோடு விடாமல், தினமும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடையருகில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஊர்க்காரர்கள் அவருக்காகப் பேசியிருக்க வேண்டும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஏலம் எடுத்தவர் வலை போட்டு முடித்ததும் மிச்ச மீனுக்கு ஊரே இறங்கலாம் என்பதும் வழக்கம்தான். எல்லோர் வீட்டிலும் கூடையும் பழைய கொசுவலையும் தயாராக இருந்தன. நாற்பது வருஷமாக அப்பாவை அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கூப்பிட்டவர்களுக்கு ஒரு வேளைக் குழம்பு பெரிதாகிவிட்டது. அவர்களைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது?

ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் இரண்டு விராலோடு வந்தார். வலைக்காரர்கள் வெள்ளோட்டமாக வீசிப் பிடித்தவை.

"ஏட்டி, நாளைக்கு ஒங்கப்பாவ விருந்துக்கு வரச் சொல்லு. நான் கூப்பிட்டா வரமாட்டாரு. சாயங்காலம் வரைக்கும் இங்கனயே வச்சுக்கோ."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. எங்கள் ஊர் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணிடம் நானே சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் விடியும் முன்பே இவர் குளத்துக்குக் கிளம்பிவிட்டார். பத்து மணி வாக்கில் அப்பா வந்து சேர்ந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். எனக்குப் பிடிக்கும் என்று கொய்யாப்பழம் வாங்கி வந்திருந்தார். காமாலைக்குப் பிறகு அன்றுதான் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவதாகச் சொல்லி, முள்ளெடுத்து நிதானமாகச் சாப்பிட்டார்.

"நம்ம கொளத்து விராலு மாதிரில்லா இருக்கு?"

"சந்தையில வாங்குனதுப்பா."

சொல்லும்போது என் நாக்கு கூசவில்லை. இன்னும் இரண்டு துண்டு வைத்தேன். சாப்பிட்ட கையோடு கிளம்பியவரை, நடை திறந்ததும் கோவிலுக்குப் போகலாம் என்று நிறுத்தினேன். அம்மன் சன்னதியில் எனக்கு ஒரு பிள்ளை பிறக்க வேண்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டார்.

அவர் ஊர் போய் இறங்கியபோது குளத்தில் சேறுதான் கிடந்தது. தண்ணீரெல்லாம் ஓடையில் விழுந்து போய்விட்டது. என் வீட்டுக்காரர் கூடை கூடையாக மீன் ஏற்றினார். மாமியார் வாய் அடைத்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

மூன்று வாரம் கழித்துத்தான் ஊருக்குப் போக எனக்குத் துணிச்சல் வந்தது. வயலில் கதிரெல்லாம் தலை சாயாமல் நிமிர்ந்து நின்றது. ஒன்றை உருவி நசுக்கினேன், உள்ளே அரிசி இல்லை. அத்தனையும் சாவி. அப்பா மாட்டை வயலுக்குள் அவிழ்த்துவிட்டு வரப்பில் நின்றார்.

"எனக்குத் தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் ஒங்களக் கூப்பிட்டேன்" என்று அழுதேன்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

"அன்னைக்குப் பஸ் ஏறும்போதே மடைப்பக்கம் ஆளு நிக்கதப் பாத்தேன் மக்கா. எறங்கிருவமான்னுகூட இருந்துச்சு. நீயில்லா கூப்பிட்டிருக்க, இன்னைக்கு ஒண்ணும் நடக்காதுன்னு நெனச்சிக்கிட்டேன்."