அப்பா எழுதிய விளக்கம்

அப்பாவுக்கு வந்திருக்கும் நோயின் பெயரை அவரிடம் சொல்வதில்லை என்று மதுரை மருத்துவமனையின் மாடிப்படியில் நின்றபடியே முடிவு செய்தோம். முடிவு செய்தவர் சித்தப்பா, நான் மறுக்கவில்லை. கணையத்தில் தொடங்கிய புற்று ஈரலுக்குப் பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் வைத்திருப்பது மட்டுமே செய்யக்கூடியது என்று மருத்துவர் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

“அண்ணனுக்குத் தெரிஞ்சா ஒரு வாரம் தாங்க மாட்டாக. ஒங்கம்மாட்டயும் பாதிதான் சொல்லணும்” என்றார் சித்தப்பா.

சுருளிப்பட்டியில் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவாக ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. எந்த மருத்துவச் சீட்டு கைக்கு வந்தாலும் அதை ஊர் மருந்துக்கடையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பது அப்பாவின் வழக்கம். ஆகவே சித்தப்பா முந்திக்கொண்டார். கம்பத்தில் எங்களுக்குப் பழக்கமான மருத்துவரிடம் போய் மன்றாடினார். அவரும் இரக்கப்பட்டு, ‘பல ஆண்டுகளாக இருக்கும் வயிற்றுப் புண்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் அதைப் படித்துச் சொன்னதும் அப்பா சிரித்தார்.

“இதுக்கா என்னைய மதுர வரைக்கும் இழுத்துட்டுப் போனீக? காரத்தக் கொறைன்னு ஒங்கம்மா ஓசியிலயே சொல்லியிருப்பாளே!”

அந்தச் சிரிப்பைக் கேட்டு நாங்கள் நிம்மதியடைந்தோம். இன்று எனக்கு அச்சம் தருவது அந்த நிம்மதிதான்.

மாசி முடிவதற்குள் வலி முதுகுக்குப் போய்விட்டது. தோட்டத்துப் பந்தலின் கல்தூணை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு அவர் அசையாமல் நிற்பதை வரப்பிலிருந்து பார்த்தேன். நான் அருகில் போவதற்குள் கையை எடுத்துவிட்டு, கொடியைச் சரிசெய்பவர்போல் பாவனை செய்தார்.

மலையடிவாரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் இல்லம் இருந்தது. பத்துக் கட்டில்கள். நோயைக் குணமாக்க முயலாமல் வலியை மட்டும் பார்த்துக்கொள்ளும் இடம். அந்த வலிக்குரிய மார்ஃபின் மருந்து எங்கள் பக்கத்தில் அங்குதான் கிடைத்தது. மருந்துக்கும் கட்டிலுக்கும் இயன்றவர்கள் செலவைத் தர வேண்டும்.

அப்பா முந்தைய ஆண்டுதான் ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தார். எங்கள் தெருவில் வேறு எவரும் எடுத்திராத காலம் அது. முதுகலை விடுமுறைக்கு வந்திருந்த நான் அதன் விதிப்புத்தகத்தைப் பாடநூல்போல் பென்சிலோடு படித்தேன். ‘மருத்துவமனை’ எது என்பதற்கு அதில் வரையறை இருந்தது. இத்தனை படுக்கைகள் வேண்டும், அறுவை அரங்கு வேண்டும். ஓய்வு இல்லங்கள் சேரா. கன்னியாஸ்திரிகளின் இல்லம் அந்த வரையறைக்குள் வரவில்லை. வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கும் ஒரு பத்தி இருந்தது; ஆனால் நோயாளி நகர்த்த முடியாத நிலையில் இருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் இடமில்லாதிருக்க வேண்டும். அப்பா நடந்துகொண்டிருந்தார். குணமாகப் போகிறவர்களுக்காக எழுதப்பட்ட புத்தகம் அது. சாகப் போகிறவர் அதன் எந்தப் பக்கத்திலும் இல்லை.

எஞ்சிய வழி ஒன்றுதான். மதுரையில் செலவானதை நிறுவனத்திடமிருந்து திரும்பப் பெற்று, அதைக் கொண்டு அவரை இல்லத்தில் சேர்ப்பது. அது வராவிட்டால் தோட்டத்தில் கை வைக்க வேண்டும். அதற்கு அப்பா உயிரோடு இருக்கும்வரை சம்மதியார்.

கேட்ட தாள்களையெல்லாம் அனுப்பினோம். கம்பம் மருத்துவரின் சீட்டும் அவற்றோடு போயிற்று. மூன்று வாரத்தில் பதில் வந்தது. காப்பீடு தொடங்குவதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பணம் தர இயலாது. உங்கள் மருத்துவரே பல ஆண்டு நோய் என்று எழுதியிருக்கிறார். ஆகவே, இறுதி முடிவுக்கு முன், தமக்கு என்ன நோய், அதன் முதல் அறிகுறி எப்போது தோன்றியது என்பவற்றை நோயாளி தம் கைப்பட எழுதிப் பதினைந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும்.

அப்பாவின் மனம் நோகாதிருக்க எழுதி வாங்கிய ஒரு வரி அவருடைய வலிமருந்தின் குறுக்கே வந்து நின்றது. கம்பம் மருத்துவர் சங்கடத்தோடு திருத்தச் சான்று எழுதித் தந்தார். ஆனால் அப்பாவின் விளக்கத்தை அப்பாதான் எழுத வேண்டும்.

காப்பீட்டு முகவர் வீட்டுக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். “இதுக்குப் போயி அண்ணனத் தொந்தரவு பண்ணணுமா? பாப்பாதான் படிச்ச புள்ள, அதுவே எழுதட்டும். அங்கன ஒக்காந்து எழுத்தையா பாக்கப் போறாக?”

“எழுதிரு ஆத்தா,” என்றார் சித்தப்பா. “அவுக கையெழுத்து ஒனக்குத் தெரியாததா?”

தெரியும் என்பதுதான் சிக்கல். ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டாம் வரியிலேயே அது அப்பா எழுதியதுபோல் ஆகிவிட்டது. நோயை மறைத்தது போதாதென்று அவருடைய கையையும் எடுத்துக்கொள்கிறேனோ என்று தோன்றிற்று. கிழித்துப் போட்டேன்.

பதினோராம் நாள் முற்பகலில் தோட்டத்துக்குப் போனேன். கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டியின்மேல் உட்கார்ந்து, தளர்ந்த கொடிகளைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார். புண் இல்லை என்று தொடங்கி, நோயின் பெயரைச் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த முடிச்சை அவர் முடித்தார்.

“மதுரையிலயே சொல்லிட்டாகளா?”

“ஆமாப்பா.”

“ஒஞ் சித்தப்பனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அதான் அந்தப் பய ரெண்டு மாசமா எங்கிட்டச் சண்டையே போடல.” அடுத்த கொடியை இழுத்துக்கொண்டே கேட்டார்: “அடுத்த காய்ப்பப் பாப்பேனா?”

தொங்கிய ஒரு கொடியை எடுத்து அவரிடம் நீட்டினேன். அதை வாங்கிக் கட்டினார்; மறுமுறை கேட்கவில்லை.

காப்பீட்டு நிறுவனம் கேட்ட கடிதம் எதற்கு என்று விளக்கினேன். வீட்டுக்கு வந்து, கட்டிலில் அட்டையை வைத்து, அரைமணி நேரம் எழுதினார்.

‘ஐயா, எனக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று என் மகள் இன்று சொன்னாள். வலி முதலில் வந்தது பாலிசி போடுவதற்கு நாலு மாதம் முந்தி, கொடியைக் கவாத்து வெட்டும்போது. யாரிடமும் சொல்லவில்லை. வலி வந்ததால்தான் பாலிசி போட்டேன்.’

“உள்ளத எழுதிட்டேன். போதுமா ஆத்தா?”

“போதும்ப்பா” என்றேன்.

அதை அனுப்பினால் ஒரு ரூபாயும் வராது. பொய் என்று நம்பி நாங்கள் எழுதி வாங்கியதில், நோய் பழையது என்ற பாதி மெய்யாக இருந்தது. நாங்கள் அவரிடம் மறைக்கத் தொடங்குவதற்கு வெகுமுன்பே அவர் எங்களிடம் மறைத்திருக்கிறார். தம் மரணத்தைக் கேட்டுவிட்டு வந்து உண்மையை எழுதியவரிடம், வேறு மாதிரி எழுதுங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நானே எழுதவும் முடியவில்லை. பதினைந்தாம் நாள் வந்தது, போயிற்று; கடிதம் என்னிடமே இருந்தது.

சித்தப்பா அந்தக் கடிதத்தை இருமுறை படித்தார். மறுவாரம் தோட்டத்தில் தம் பங்கை ஒத்திக்கு விட்டுப் பணம் வாங்கினார். இனி அதில் விளைவது அடுத்தவருக்கு. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். இம்முறையும் நான் மறுக்கவில்லை.

அப்பா நாள்தோறும் கேட்டார்: “கம்பெனில இருந்து பதில் வந்துச்சா?” ஒன்பது நாள் இல்லை என்றேன். பத்தாம் நாள், கொடுத்துவிட்டார்கள் என்றேன்.

இல்லத்தில் முதல் ஊசி போட வந்த சிஸ்டரிடம் அவர் மிகுந்த உற்சாகத்தோடு பேசினார். “மருந்துல சிக்கனம் பாக்காதீக சிஸ்டர். எல்லாம் கம்பெனிக்காரன் காசு. உள்ளத உள்ளபடி எழுதிக் குடுத்தேன், மறுபேச்சில்லாமக் குடுத்துட்டான்.”

சிஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கட்டணத் தாளில் அன்று காலை கையெழுத்திட்டிருந்த சித்தப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆமாம் என்று நான் தலையசைத்தேன்.