நாற்காலி போட்ட நாளுக்கெல்லாம் ஆப்சென்ட்

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே, பியூலாவின் அப்பா உங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் வண்ணார்பேட்டையில் பஞ்சர் ஒட்டுகிறவன். பியூலா கல்லூரியில் சேர்ந்ததே உதவித்தொகையால்தான். ஒரு தடவை கிடைத்தால் மூன்று வருடமும் வரும் என்று நினைத்தேன். இல்லையாம், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டுமாம். அவள் எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். ஆனாலும் அலுவலகத்தில், "வருகை கொறவு, புதுப்பிக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாள்கூட வீட்டில் தங்காத பிள்ளை! படிப்பு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"கிளாசுக்குப் போவாம எங்கட்டி போன?" என்று சத்தம் போட்டேன். அழுதுகொண்டே சொன்னாள். கல்லூரியில் எந்த விழா என்றாலும் உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளைத்தான் வகுப்பிலிருந்து எழுப்புவார்களாம், நாற்காலி போட, டீ கொடுக்க. அந்த நேரம் பதிவேட்டில் ஆப்சென்ட் விழுமாம்.

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"எதையும் முறுமுறுக்காம செய்யணும்னு நீங்கதானப்பா சொல்லிக் குடுத்திய."

அநியாயத்தைச் சொல்வது முறுமுறுப்பு ஆகாது என்று நான் சொல்லிக் கொடுக்கவே இல்லையே!

மூன்று நாள் முழங்காலில் நின்றேன். அவர்களைத் தண்டியும் ஆண்டவரே என்றுதான் கேட்டேன். மனதில் சமாதானமே இல்லை. என் மனைவி சொன்னாள்: "அவுக கை முடங்கணும்னு ஜெபிக்கியளே, நம்ம பிள்ள வாய் தெறக்கணும்னு ஜெபிச்சியளா?" அன்று இரண்டு பேரும் அதையே கேட்டு ஜெபித்தோம்.

உதவித்தொகையைப் புதுப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள் மகளோடு கல்லூரிக்குப் போனேன். அலுவலக எழுத்தர் வாசலிலேயே மறித்தார். "என்ன வே, சும்மா வார காசுக்கு இம்புட்டுச் சத்தமா? நாலு நாற்காலி தூக்குனா தேஞ்சா போவா?"

பியூலா அவரைத் தாண்டி நேராக முதல்வர் அறைக்குள் நடந்தாள். "மேடம், அந்த நாளெல்லாம் நான் இங்கதான் நாற்காலி போட்டேன். வரலன்னு எழுதிட்டாங்க."

"பொய்" என்றார் பின்னால் வந்த எழுத்தர்.

தண்ணீர் கொண்டுவந்த கடைநிலை ஊழியர் நின்றார். வேலை நிரந்தரமாகாத மனிதர். "பொய் இல்ல மேடம். இந்த சார் சொல்லித்தான், கிளாஸ்ல போய்க் கூட்டியாந்ததே நான்தான்."

முதல்வர் விழா நாட்களையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அன்று மாலையே பியூலாவோடு நாற்காலி போட்ட பிள்ளைகளையும் சேர்த்து ஐந்து பேரின் வருகை திருத்தப்பட்டது. ஐந்து விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தன. கர்த்தருக்கே மகிமை! ஆனால் ஒருவர்கூட அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

நாற்காலி போடுவது கேவலம் இல்லை. சபையின் அசன விருந்தில் பியூலா சந்தோஷமாகப் பந்தி பரிமாறுகிறாள். ஏழைப் பிள்ளையாகப் பார்த்துப் பொறுக்கி வேலை வாங்கி, அதன் படிப்பையும் பறிப்பதுதான் கேவலம். இந்த வருடமும் கூப்பிட வந்தார்களாம். "மொதல்ல அட்டெண்டன்ஸ் போடுங்க, பெறவு வாரோம்" என்றார்களாம் ஐந்து பேரும்.

பிள்ளைகளே, உங்களுக்கு அநியாயம் நடந்தால் ஆண்டவரிடம் அழுங்கள், அவர் கேட்கிறார். பிறகு எழுந்து வந்து பெற்றோராகிய எங்களிடமும் சொல்லுங்கள். எங்களையும் அவர் கேட்க வைப்பார்.