அந்த செக்கருக்கு என்ன ஆச்சு?

நான் எழுதிய பழிவாங்கும் கதையைப் பற்றி என்னிடம் நேரில் அபிப்பிராயம் சொன்னவர்களில் மிகவும் ரசித்துச் சொன்னவர், அந்தக் கதையில் நான் கொன்றுபோட்ட ஆள். அருள்புரத்தில் நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் அவர் எங்கள் தையல் லைனுக்கு சூப்பர்வைசர், நான் அப்போது தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கர். பதினோரு மணி டீக்கு டம்ளரோடு எங்கள் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏனுங்கம்மிணி, எல்லாரும் போன்ல ஒரு தொடர்கதை படிக்கறாங்களே, நீங்க படிக்கலீங்களா? நெம்ப நல்லாருக்குதுங்க. ஒண்ணுதான் கொறை. அந்த சூப்பர்வைசரை அத்தன சுளுவாச் சாக உட்டிருக்கக் கூடாது. இன்னுங் கொஞ்சம் வதைச்சிருக்கோணும்."

"வதைச்சிருக்கலாங்ணா," என்றேன்.

எழுதியது நான்தான் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. லைனில் யாருக்குமே தெரியாது. வேறொரு பெயரில் போனில் எழுதிப் போடுகிறேன். பல்லடத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிற நேரம்தான் என் எழுத்து நேரம். கதையில் வரும் சூப்பர்வைசருக்குப் பெரிய மீசையும் தங்கப் பல்லும் வைத்திருந்தேன். இவருக்கு இரண்டும் கிடையாது. ஆனால் இவர் 'ப்ரொடக்சன் போச்சே' என்று தொடையில் தட்டிக்கொள்வதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அதைப் படித்தும் மனிதருக்குத் தன் தொடை ஞாபகம் வரவில்லை.

கதை இதுதான். செய்யாத தப்புக்காக ஒரு டெய்லர் பெண்ணை லைனை விட்டுத் துரத்துகிறார்கள். பத்து வருஷம் கழித்து அவள் துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் இன்ஸ்பெக்டராக, வேறு பெயரில் அதே கம்பெனிக்கு வருகிறாள். துரத்திய சூப்பர்வைசரின் வேலை, வீடு, மரியாதை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு, கடைசியில் ஆளைப் பாய்லர் ரூமில் வைத்துப் பூட்டிச் சாகடிக்கிறாள். அது வரைக்கும் போட்டுவிட்டேன். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி.

பாய்லர் ரூம் அத்தியாயத்துக்குக் கருத்துகள் குவிந்தன. ஒருவர், தான் பாய்லர் ஆபரேட்டர் என்றும், எந்தக் கம்பெனியிலும் பாய்லர் ரூமுக்கு வெளித்தாழ்ப்பாள் வைக்க மாட்டார்கள் என்றும், வைத்தால் ஆடிட்டில் மாட்டிக்கொள்வார்கள் என்றும் எழுதியிருந்தார். இன்னொருவர், பையர் ஆள் வந்தால் முதலில் ஏசி ரூமில் உட்காரவைத்து இளநீர் கொடுப்பார்களே, உங்கள் கதாநாயகி எப்படி நேராக லைனுக்கு வந்தாள் என்று கேட்டிருந்தார். கொலை அருமை, அப்படியே அவளுக்கு ஒரு கல்யாணத்தையும் முடித்துவிடுங்கள் என்று ஒருத்தி. நடுவில் விளம்பரம் வந்த கோபத்தில் எனக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தவரும் உண்டு. ஆக, கொலை செய்தது சரியா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தாழ்ப்பாள் சரியா என்றுதான் கேட்டார்கள். திருப்பூர்க்காரர்களுக்குக் கதையிலும் குவாலிட்டி பார்த்தால்தான் மனசு ஆறும்.

லைனில் என் பெரிய ரசிகை, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர். "எக்கா, அவன் உள்ள கெடந்து கதவத் தட்டுதான் பாருங்க, அந்த எடத்துல எனக்குச் சோறே எறங்கல. ரெண்டு தடவ படிச்சேன்," என்றாள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவைப்பவள் அவள்தான். இங்கே வேலை செய்துவிட்டுப் போனவர்களுக்கும் அனுப்புவாள்.

இவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு வாசகி மட்டும் நட்சத்திரமும் போடுவதில்லை, பாராட்டுவதும் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. படம் இருக்க வேண்டிய இடத்தில் முருங்கைப் பூ. மூன்றாம் அத்தியாயத்துக்குக் கீழே முதன்முதலாக எழுதினாள்: 'தலையாட்டுன அந்த செக்கருக்கு என்ன ஆச்சுங்க?' அடுத்த அத்தியாயத்திலும் அதே கேள்வி. அதற்கடுத்ததிலும் அதே. கதாநாயகி வெளிநாட்டுக்குப் போனாலும், வில்லன் வீடு ஜப்திக்கு வந்தாலும், அவளுக்கு அந்த ஒரு கேள்விதான்.

மூன்றாம் அத்தியாயத்தில் அந்த செக்கருக்கு நான் கொடுத்திருந்தது ஒரே வரி. 'தையல் விட்ட பீஸை அவளிடம் திருப்பிக் கொடுத்தாயா என்று சூப்பர்வைசர் கேட்டார். செக்கர் தலையை ஆட்டினாள்.' வேறு யார் கண்ணிலும் அது படவில்லை. நான்தான் அது படாத மாதிரி எழுதியிருந்தேனே.

அந்த செக்கர் நான்தான். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தைத்து வரும் துணியில் குறை இருந்தால், அந்த இடத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தைத்தவரிடமே திருப்பிக் கொடுப்போம். அவர் சரி செய்து கொடுத்த பிறகுதான் ஸ்டிக்கரை உரிக்க வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் ஸ்டிக்கர் ராத்திரி முழுக்கத் துணியிலேயே இருந்தால் பசை பிடித்துக்கொண்டு கறையாகிவிடும். அதனால் எங்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வீட்டுக்குக் கிளம்பும்போது மிச்சமிருக்கும் பீஸ்களிலிருந்து ஸ்டிக்கரை உரித்துவிட்டு, அவற்றை ஒரே கட்டாக, அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணிக்கீற்றால் கட்டி வைப்போம். காலையில் வந்து கீற்றை அவிழ்த்து மறுபடியும் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பிக் கொடுப்போம். எந்தப் புத்தகத்திலும் எழுதாத வழக்கம், ஆனால் எல்லா மேஜையிலும் உண்டு.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், வேன் ஹாரன் அடிக்கிற அவசரத்தில் ஸ்டிக்கரை உரித்தேன், கீற்றைக் கட்டவில்லை. காலையில் எனக்கு முன்னால் வந்த பேக்கிங் ஆட்கள், பாஸான துணி என்று அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். குழந்தைகள் போடும் பனியன். எங்கள் லைனில் ஒரு டெய்லர் பெண் தைத்தது, தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. பையர் ஆள் பெட்டியைத் திறந்தபோது அவன் கையில் வந்ததே அதுதான். லாட் முழுக்க ஃபெயில்.

சூப்பர்வைசர் வியர்த்து ஊற்ற ஓடிவந்தார். "அம்மிணி, இந்தப் பீஸ நீங்க அந்தப் புள்ளகிட்டத் திருப்பிக் குடுத்தீங்களா?"

தலையை ஆட்டினேன். வாயால் பொய் சொல்லவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அன்றைக்கு நான் பிழைத்தது வாயை மூடிக்கொண்டதால்தான்.

தையல் விடுவது எல்லார் கையிலும் நடப்பது. அதற்கு யாரும் யாரையும் துரத்த மாட்டார்கள். திருப்பிக் கொடுத்த பிறகும் தைக்காமல் நைசாகத் தள்ளிவிட்டாள் என்பதுதான் அவள் மேல் விழுந்த பழி. 'எங்கைக்கு வரவே இல்லீங்க' என்று அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை அனுப்பிவிட்டார்கள். பக்கத்துக் கம்பெனிகளில் வேலை கேட்டுப் போனால், அங்கிருந்து எங்கள் கம்பெனிக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள். விசாரித்த ஒருவரும் அவளை எடுக்கவில்லை. மூலனூருக்கே திரும்பிப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

பாவத்தைக் கழுவத்தான் கதை எழுதினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். பொய். விஷயம் கதைக்குத் தோதாகக் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். எழுத எழுதப் பழி முழுக்க சூப்பர்வைசர் தலையில் போய் உட்கார்ந்தது. எனக்கு அது சௌகரியமாக இருந்தது, அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

பாய்லர் ரூம் அத்தியாயத்துக்கு மறுநாள் முருங்கைப் பூவிடமிருந்து வேறு ஒரு வரி வந்தது. 'அந்தப் பீஸு நீலக் கலருன்னு போட்டிருக்கீங்க. ரோஸுங்களே.'

வேனில் உட்கார்ந்து அந்த வரியை மறுபடியும் படித்தேன். நீலம் என்று மாற்றியது நான். நாலு வருஷம் கழித்தும் ரோஸ் என்று ஞாபகம் வைத்திருக்கக்கூடிய வாசகி உலகத்தில் ஒருத்திதான். பயந்தேன், சொல்ல என்ன வெட்கம். 'நீயா?' என்று தனியாக எழுதிக் கேட்டேன். 'ஞாயித்துக்கெழம வாங்க்கா. முருங்கைக்காய் மண்டியில இருப்பேன்,' என்று பதில் வந்தது.

தாராபுரம் பஸ்ஸில் ஏறி, குண்டடம் தாண்டும் வரைக்கும் என்ன பேசுவது என்று யோசித்தேன். தாண்டிய பிறகு, இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். மூலனூர் மண்டியில் அவள் சாக்கை விரித்து உட்கார்ந்து, நேரான காய் ஒரு பக்கம், வளைந்த காய் ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"இங்கயுஞ் செக்கிங்தானுங்க்கா. ஸ்டிக்கர்தான் கெடையாது," என்று சொல்லி, உட்காரச் சாக்கை நகர்த்திப் போட்டாள்.

உட்கார்ந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"கதை நல்லாத்தானுங்க்கா எழுதறீங்க. அடுத்தது எப்ப வரும்னு போனையே பாத்துட்டிருந்தேன். ஆனா ஆளை மாத்திக் கொன்னுபோட்டீங்க."

நான் ஒரு முருங்கைக்காயைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"அந்தண்ணன் என்ன பண்ணுனாரு? உங்களக் கேட்டாரு, நீங்க தலையாட்டுனீங்க, அவரு நம்புனாரு. எங்கைக்கு அந்தப் பீஸு வரலீங்கறது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். மூணாமத்த ஆளு ஆருக்குந் தெரியாது. அவரப் போயிப் பாய்லர் ரூம்ல பூட்டிப்போட்டீங்களே, பாவம்."

"கடைசி அத்தியாயம் பாக்கி இருக்குது கண்ணு. அதுல அந்த செக்கர் எல்லார் முன்னாடியும் ஒத்துக்கற மாதிரி எழுதிப்போடறேன்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் சிரித்தாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"கதையில எம்பேரு கெடலீங்க்கா. லைன்லதான் கெட்டுது. அங்க போயிச் சொல்லுங்க." பிறகு, நான்கைந்து கடை தள்ளிக் காய்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்த தன் அம்மாவைக் கண்ணால் காட்டினாள். "ஊருக்குள்ள வரைக்கும் சொல்லிப்போட்டாங்க. அதுலருந்து எங்கம்மா எங்கூடச் செரியாவே பேசறதில்ல. சோத்தப் போட்டு வெச்சர்றா. சாப்பிட்டயான்னு ஒரு வார்த்த கேக்கறதில்ல. நாலு வருசமாச்சு."

திங்கள்கிழமை காலை எட்டரைக்கு லைன் மீட்டிங். அன்றைய டார்கெட்டைச் சொல்ல, மிஷின் போடுவதற்கு முன்னால் எல்லாரையும் நிற்கவைத்து சூப்பர்வைசர் பேசுவார். அவர் முடித்ததும், "அண்ணா, நானும் ஒண்ணு சொல்லோணும்," என்றேன். சொன்னேன். ஸ்டிக்கர், கட்டாத கீற்று, தலையாட்டல், எல்லாம். ஒப்பித்துப் பார்த்துக்கொண்டு வந்ததில் பாதி மறந்துவிட்டது. அவள் பேரைச் சொல்லி, அவளிடம் அந்தப் பீஸ் போகவே இல்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். இந்தி பேசும் பெண்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் மெதுவாக எடுத்துச் சொன்னார்கள்.

திருநெல்வேலிக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பம் இது அந்தக் கதைல்லா?" என்றாள்.

"கதையை எழுதுனதும் நாந்தான்."

சூப்பர்வைசர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அதுல வர்ற சூப்பர்வைசரு?"

"நீங்கதாங்ணா."

"இன்னும் வதைச்சிருக்கோணும்னு நாந்தானுங்களே சொன்னேன்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு, "அந்தப் புள்ள கைக்கு வரலைன்னு சொல்லுச்சுங்க. நாங்கேக்கல," என்றார்.

அப்புறம் எனக்கு மெமோ கொடுத்தார்கள். செக்கிங்கிலிருந்து பிசிர் வெட்டும் மேஜைக்கு மாற்றினார்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அவளை சூப்பர்வைசரே இரண்டு தடவை வேலைக்குக் கூப்பிட்டுப் பார்த்தார், அவள் வரவில்லை. கடைசி அத்தியாயத்தை நான் போடவே இல்லை. வாசகர்கள் இன்றைக்கும் திட்டுகிறார்கள்.

அன்றைக்கு, லைன் கலைவதற்கு முன்னாலேயே அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"சொல்லிட்டேன் கண்ணு."

"எல்லாருங் கேட்டாங்களா?"

"கேட்டோம் புள்ள," என்றாள் திருநெல்வேலிக்காரி. சூப்பர்வைசர் போன் பக்கம் குனிந்து, "நானுங் கேட்டேன் சாமி," என்றார்.

அந்தப் பக்கம் காய் இறக்கும் சத்தம் கேட்டது. "ஒரு நிமிசங்க்கா. அம்மா பக்கத்துல இருக்கறா. இன்னொருக்காச் சொல்லுங்க," என்றாள்.

போன் கை மாறியது தெரிந்தது. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். லைனில் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் முடித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டார் போல, குரல் தூரத்திலிருந்து வந்தது.

"காலைல சாப்பிட்டயா கண்ணு?"

அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் காதில் விழவில்லை. பெல் அடித்துவிட்டது, எல்லாரும் மிஷினுக்குப் போனார்கள்.