சந்தனப் பொட்டு வைத்த டிஸ்க்

ரிங்லெட் ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில், என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிப் பிறந்தவள் ருக்குமணி. கங்காணி ராமையாவின் மகள். இரண்டு வருடம் என்னோடு கொழுந்து கிள்ளினாள். பிறகு டைப் படித்து ஆபீசில் சேர்ந்தாள்.

எண்பதாம் வருடம் தோட்டத்துத் துரை ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். தோட்டத்தில் பிறந்தவர் பேரெல்லாம் எழுதி, பூஞ்சை பிடித்த பழைய பதிவுப் புத்தகங்களை ருக்குமணி அதில் அடித்து ஏற்றினாள். புத்தகங்களை எரித்துவிட்டார்கள். அதில் இருந்த அத்தனை பேரும் எங்கே போனார்கள் என்று கேட்டேன். சோற்றுத் தட்டு அகலத்தில், வளைகிற கறுப்புச் சதுரம் ஒன்றைக் காட்டினாள்.

"இந்த டிஸ்க்குக்குள்ள இருக்காங்க பெரியம்மா."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒருத்தரையும் காணவில்லை.

ஆபீஸ் கூட்டுவது அப்போது என் வேலை. ஆயுத பூசைக்குக் கவ்வாத்துக் கத்தியிலிருந்து டைப் மெஷின் வரை பொட்டு வைத்தவள், டிஸ்க்கை மட்டும் எப்படி விடுவேன்? அதன் உறையில் நீளமாக ஒரு திறப்பு, உள்ளே பளபளவென்று இருந்தது. சந்தனத்தை அங்கே வைத்தேன். எடுப்பாகத்தான் இருந்தது.

எண்பத்தேழில் புது கம்ப்யூட்டர் வந்தது, பழையது ஸ்டோருக்குப் போனது. அந்த வருடம்தான் என் மகன் சின்னக்கருப்பனுக்குச் சிக்கல். திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறான். சிவப்பு ஐசிக்காரன், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை அது. இங்கேதான் பிறந்தான் என்று காகிதம் காட்டினால் குடிமக்களுக்கான நீல ஐசி, இல்லையென்றால் வேலை பெர்மிட் கிடையாது என்றுவிட்டார்கள். தோட்டத்துப் பிறப்புப் பதிவோ அந்த டிஸ்க்கில்.

புது மெஷினின் வாய் சின்னது, டிஸ்க் நுழையவில்லை. ருக்குமணி உறைக்குள் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"சந்தனம் காஞ்சி ஒட்டியிருக்கு பெரியம்மா."

ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி கந்தசாமி சிரித்தார். "பொட்டு வச்சியா, கொள்ளி வச்சியா இராசம்மா?"

"தொழில் சாமானுக்கு வைக்காம விடலாமா லா? இன்னிக்குக் கேட்டாலும் வைப்பேன்" என்றேன்.

ருக்குமணி யாரையும் திட்டவில்லை. ஸ்டோரில் ஈரம் ஏறிக் கிடந்த பழைய மெஷினைத் தூக்கி, ஃபாக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் நான்கு நாள் வைத்துக் காயவிட்டாள். டிஸ்க்கின் உறையை ஓரமாக வெட்டினாள். உள்ளேயிருந்து மெல்லிய வட்டம் ஒன்று வந்தது. கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவினாள்.

"எழுத்து கரைஞ்சிடாதா பாப்பா?"

"மை இல்ல பெரியம்மா. காந்தம்."

காந்தம் ஆணியை இழுக்கும். ஆளை எப்படி இழுக்கும்?

உலர்ந்த வட்டத்தை வேறு உறையில் போட்டு மெஷினுக்குள் தள்ளினாள். கரகரவென்று சத்தம். மெஷின் அடித்துத் தள்ளிய காகிதத்தில் பாதி வரி ஒழுங்காக வந்ததாம், பாதி கிறுக்கலாம். எனக்கு எழுத்து தெரியாது; ருக்குமணி விரல் வைத்துப் படித்தாள்.

"சின்னக்கருப்பன். தாய் இராசம்மா. தேதி மட்டும் அழிஞ்சிபோச்சி."

அவள் விரல் மேலே போனது, கீழே போனது.

"மேல வேலம்மா மக, அம்பத்தெட்டு மார்ச். கீழ மாடசாமி மவன், அதே வருசம் ஜூன். நடுவுலதான் உங்க மவன்."

"அதைத்தானே இத்தனை வருசமா நான் வாயால சொல்றேன்?"

"வாய்க்கு யாரு முத்திரை குத்துவா?"

மேலே யார், கீழே யார் என்பதையே கடிதமாக அடித்து, காகிதத்தோடு சேர்த்துத் துரையிடம் கையெழுத்து வாங்கினாள்.

நீல ஐசி வந்துவிட்டது. அதில் மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவே ஒரு நாளைப் பிடித்து, பிறந்த நாள் ஏப்ரல் பதினைந்து என்று போட்டிருக்கிறார்களாம். அவனைப் பெற்றவள் நான். அன்றைக்கா பெற்றேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.