இடப்பக்கத்து மனைவி

கறுப்பு மெழுகைக் கடதாசியின்மேல் அழுத்தித் தேய்க்கும்போது ஒரு மணம் வரும். சப்பாத்துப் பொலிஷும் அணைந்த விளக்குத் திரியும் கலந்த மாதிரி. அந்த மணமும், முழங்காலுக்கடியிலிருந்து ஏறும் கல்லின் குளிரும்தான் எனக்கு லண்டனின் முதல் கோடை. மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்றால் பூங்காவும் ஐஸ்கிரீமும். எனக்கும் தம்பிக்கும், ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், மரங்களுக்குள் மறைந்துகிடந்த ஒரு பழைய தேவாலயம். காரணம் பக்தி அல்ல. விடுமுறை நாட்களில் அங்கே சிறுவர்களை இலவசமாக வைத்துப் பார்த்துக்கொண்டார்கள், பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்தார்கள், சித்திக்கோ நகைக்கடையில் வேலை. "அவையள் தாறதைச் சாப்பிடுங்கோ, கும்பிடச் சொன்னால் மட்டும் கும்பிடாதையுங்கோ" என்பதுதான் சித்தி எங்களுக்குக் கொடுத்த சமயக் கல்வி.

சித்தி என்றேன், அதை விளக்கிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். அவர் என் அப்பாவின் இரண்டாவது மனைவி. அப்பா என்னையும் அம்மாவையும் யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு அகதியாக இங்கே வந்து, அம்மா உயிரோடு இருக்கும்போதே, தனக்குக் கலியாணம் ஆகவில்லை என்று சொல்லி இவரை மணந்துகொண்டவர். பிறகு ஷெல் விழுந்து அம்மா செத்துப்போக, பதினொரு வயதில் என்னை இங்கே எடுப்பிக்க வேண்டிவந்தது. உண்மையை அப்போதுதான் சித்தியிடம் சொன்னாராம். சித்தி சில நாள் அடுப்பு மூட்டாமல் கிடந்துவிட்டு, ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: தன் ஆட்களுக்கு முன்னால் நான் அப்பாவின் செத்துப்போன அண்ணனின் மகள். அப்பாவின் ஊராட்கள் எல்லாரும் கனடாப் பக்கம் போய்விட்டதால் இல்லை என்று சொல்ல இங்கே ஒருவரும் கிடையாது. பெரியப்பாவும் எழும்பிவந்து மறுக்கப்போவதில்லை. ஹீத்ரோவிலிருந்து வந்த காரில், முன்னிருக்கையில் இருந்தபடி, திரும்பிப் பார்க்காமலே அப்பா சொன்னார்: "இனி நான் உனக்குச் சித்தப்பா. வாய் தவறப்படாது." வருஷக்கணக்குக்குப் பிறகு கண்ட மகளோடு அவர் கதைத்த முதல் பேச்சு அதுதான். எங்கள் உறவுமுறையும் அவருக்கு நல்ல வசதி செய்துகொடுத்தது. பெரியப்பாவின் மகளும் அக்காதான் என்பதால், ஆறு வயதுத் தம்பி என்னை அக்கா என்று கூப்பிட்டதில் ஒரு பொய்யும் இல்லை. பொய் முழுவதையும் என் வாயில்தான் வைத்திருந்தார்கள்.

அந்தத் தேவாலயம் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமில்லை. சிக்கிமுக்கிக் கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து எழுப்பிய முரட்டுச் சுவர், பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்த குட்டையான கோபுரம், சாய்ந்தும் விழுந்தும் கிடக்கிற கல்லறைகள். உள்ளேதான் அதன் வயது தெரியும். சனங்கள் இருக்கிற நீண்ட கூடம், அதன் முடிவில் எண்ணூறு தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் நார்மன்காரர் கட்டிய தடித்த அரைவட்ட வளைவு, வளைவுக்கு அப்பால் பாதிரியாருக்கு மட்டுமான இடம். நம் கோயில்களில் மூலஸ்தானத்தை நோக்கிப் போகப்போக ஒடுங்கி இருட்டுமே, அதே மாதிரி அங்கேயும் ஒடுங்கி இருட்டியது. வடக்கு வாசலைக் கல்வைத்து அடைத்திருந்தார்கள். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைவிட்டு ஓடும் பிசாசு வெளியேற அதைத் திறந்துவைப்பார்களாம் என்று ஒரு கதை உண்டு. எங்களைக் கவனித்துக்கொண்ட ஹில்டா என்ற வெள்ளைக்காரக் கிழவி அதை நம்பவில்லை, குளிர்காற்றுக்குப் பயந்துதான் அடைத்தார்கள் என்றார். இங்கிலாந்தின் ராஜாக்கள் போப்பாண்டவரோடு முறித்துக்கொண்ட காலத்தில் சுவரிலிருந்த படங்களையெல்லாம் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்களாம். சுண்ணாம்பு உரிந்த ஒரு மூலையில் சிவப்பு நிறத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. அது எந்தச் சாமியின் கை என்று ஹில்டாவுக்கும் தெரியாது.

எனக்கு வேண்டியது தரையில் இருந்தது. வளைவுக்குக் கிட்ட ஒரு கருங்கல் பலகை, அதில் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பதித்த உருவங்கள். நடுவில் நீண்ட அங்கியோடு கைகூப்பி நிற்கும் ஒரு கம்பளி வியாபாரி. அவருக்கு வலப்பக்கம் ஒரு மனைவி, இடப்பக்கம் ஒரு மனைவி. பார்ப்பவருக்கு இடப்பக்கம் இருந்த முதல் மனைவியின் தகடு இல்லை. இந்த நாட்டின் பழைய உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் யாரோ உருக்கி விற்பதற்காகக் கிண்டி எடுத்துவிட்டார்கள். கல்லில் ஒரு பெண்ணின் அளவுக்குப் பள்ளமும் ஆணி முளைகளும் மட்டும் மிச்சம். ஆனால் அந்தப் பள்ளத்துக்குக் கீழே அவள் பெற்ற மூன்று பெண்பிள்ளைகள், ஒரே தகட்டில் வரிசையாக, கைகூப்பியபடி அப்படியே நின்றார்கள். மற்றவளுக்குக் கீழே அவளுடைய ஆண்பிள்ளைகள்.

ஹில்டாவின் ஆங்கிலத்தில் பாதிதான் எனக்கு விளங்கியது. விளங்கிய பாதி போதுமாக இருந்தது. ஒரு மனிதன் இரண்டு பெண்டாட்டிகளையும், யார் யாருக்கு எந்தப் பிள்ளை என்பதையும், ஊர் முழுக்க வந்து மிதிக்கிற இடத்தில், தன் கடவுளுக்கு முன்னால் பதித்துவைத்திருக்கிறான். ஒருவரும் கல்லெறியவில்லை. பாதிரியார் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார். இந்த நாட்டில் இது வெட்கமில்லை, அப்பாவுக்கு அது தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். முதல் மனைவி செத்தபிறகே அந்த வியாபாரி மறுமணம் செய்தான் என்பது ஹில்டா சொன்னதில் எனக்கு விளங்காத பாதியில் போய்விட்டது.

தகடுகளின்மேல் கடதாசியை விரித்து ஒட்டி, மெழுகால் தேய்த்து, எல்லாரையும் அச்சாக எடுத்தேன். பள்ளத்தின் விளிம்பு மட்டும் கோடாக விழுந்தது, நடுவில் வெள்ளை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் கீழே பென்சிலால் தமிழில் பெயர் எழுதினேன். வியாபாரிக்குக் கீழே அப்பாவின் பெயர், வலப்பக்கத்தில் சித்தி, அவருடைய பிள்ளைகளில் ஒருவனுக்குத் தம்பியின் பெயர். வெள்ளைக்குள் அம்மாவின் பெயர். வரிசையில் நின்ற பெண்பிள்ளைகளில் கடைசியாக நின்றவளுக்கு என் பெயர். அப்பா பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நம்பினேன். இன்றைக்கும் அந்தச் சிறுமியை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை லூயிஷாமிலிருந்து சித்தியின் தமக்கையான பெரியம்மாவும் புருஷனும் வந்திருந்தார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, "அக்காவும் நானும் செய்தது" என்று தம்பி படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பெரியம்மா வாங்கி விரித்துப் பார்த்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தா.

"இதென்ன, வெள்ளைக்கார முருகனோ? தெய்வானை நிக்கிறா, வள்ளியைக் காணேல்லை!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சில் எழுத்துக்குக் குனிந்தபோது அப்பா எழுந்துவந்து படத்தை அவவின் கையிலிருந்து மெல்ல வாங்கினார். வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இந்தப் பக்கம் பழுதாப் போச்சு" என்றார். "கத்திரிக்கோலைக் கொண்டா."

கேட்டது என்னிடம். நான்தான் குசினிக்குள் போய், சித்தி மீன் செட்டை வெட்டுகிற கத்திரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா அவசரப்படவில்லை. வியாபாரியின் அங்கியில் கீறல் விழாமல், அவருடைய முழங்கையைச் சுற்றி வளைத்து, மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு போனார். பிறகு மிச்சத்தின் அடியில் பெயர் எழுதியிருந்த ஓரத்தையும் ஒரே நேர்கோடாக நறுக்கினார். அம்மாவும் நானும் இருந்த துண்டைக் கசக்கித் தேயிலைச் சக்கையோடு குப்பைக்குள் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தொலைக்காட்சிக்கு மேலே சுவரில் ஒட்டினார். "இப்ப வடிவாயிருக்கு" என்றா பெரியம்மா. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, ஆண்பிள்ளைகள். தேவாலயத்தைக் கொள்ளையடித்தவர்கள்கூடப் பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் போனார்கள். அவர்களுக்கு விற்கப் பித்தளையாவது கிடைத்தது.

அன்று இராச்சாப்பாட்டில் சித்தி என் சோற்றுக் கோப்பையில் ஒரு மீன் பொரியல் துண்டு கூடுதலாக வைத்தார். "ஊர் வாயை மூட ஏலாது பிள்ளை" என்று மட்டும் சொன்னார். சித்தியை நான் வெறுக்கவில்லை. அவர் தனக்கு நடந்ததை மறைத்தார். அப்பா என்னை மறைத்தார்.

அதன்பிறகு என் வாய் ஒருநாளும் தவறவில்லை. என் கலியாணத்தில், பெண்ணின் தகப்பன் பெயரை ஐயர் கேட்டபோது, என்னைத் தாரைவார்க்கத் தண்ணீரும் கையுமாக நின்ற என் தகப்பன் தன் அண்ணனின் பெயரைச் சொன்னார். குரல் கொஞ்சமாவது தடுமாறுமா என்று காத்திருந்தேன். ஐயருக்குக் கேட்கவில்லையென்று இரண்டாம் தரம் இன்னும் உரத்துச் சொன்னார்.

இப்போது ஹில்டா இல்லை. பித்தளை தேய்கிறதென்று மெழுகு தேய்க்க விடுவதில்லை. வியாபாரியின் குடும்பத்துக்கு மேலே கம்பளம் விரித்திருக்கிறார்கள். சுவரிலிருந்த சிவப்புக் கையும் மங்கிவிட்டது. பெரியம்மா போய்விட்டா, சித்தியும் போய்விட்டார். போகுமுன் தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனார். மறைக்கவேண்டிய ஆட்கள் ஒருவரும் மிச்சமில்லை. அப்பா செவன் கிங்ஸ் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். மறதி வியாதி. ஞாபகத்திலிருந்து ஆங்கிலம் முதலில் போனது, பிறகு சித்தி போனார், பிறகு தம்பி. அவனை டொக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டிக் காட்டுகிறார்.

எல்லாம் உதிர்ந்தால் அந்தப் பொய்யும் உதிரும், அடியில் என்ன இருக்கிறதென்று ஒருநாளாவது பார்க்கலாம் என்ற ஆசையில்தான் நான் போய்வந்தேன்; அன்பில் அல்ல. போன சனிக்கிழமை சோற்றைக் குழைத்து ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, இந்த நாட்டுக்கு வந்தபிறகு முதல் தடவையாக அவரை "அப்பா" என்று கூப்பிட்டேன். அறையில் வேறு எவரும் இல்லை.

என்னை வடிவாகப் பார்த்தார். கண் கலங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னார்.

"உன்ர அப்பர் செத்துக் கன காலமெல்லோ பிள்ளை. அண்ணை நல்ல மனிசன். உயிரோட இருந்திருந்தால் உன்னை விட்டிட்டு இருந்திருக்கமாட்டார்."

"ஓம் சித்தப்பா" என்றேன்.