ஓணப் பந்தியில் நான் எழுந்திருக்கவில்லை

சட்டமன்றத் தேர்தல் முடிந்து நாலு மாதத்தில் வந்த ஓணத்தன்று, சிதறால் பக்கம் இருக்கும் எங்கள் குடும்ப வீட்டில் நடந்தது இது.

என் அண்ணன் ஒரு கட்சி. தம்பி அதற்கு நேர் எதிரான கட்சி; அந்தத் தடவை ஜெயித்தது அதுதான். இரண்டு கட்சித் தலைவர்களும் இவர்களைத் தெருவில் கண்டால் யாரென்றுகூடக் கேட்க மாட்டார்கள். ஆனாலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பித்த சண்டை, பேச்சுவார்த்தையே நின்றுபோகும் அளவுக்கு முற்றிவிட்டது. அப்பா, அம்மா போனபிறகு எங்கள் மூவரையும் ஒன்றாக உட்கார வைப்பது ஓணச் சாப்பாடு மட்டும்தான். நடுவில் பிறந்தவள் நான்தான் இருவரையும் போனில் கெஞ்சி வரவழைத்தேன். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று என் கால் வீங்கிப் போயிருந்தது.

"நீங்களும் இருங்க மைனி, நாங்க விளம்புதோம்" என்று தம்பி மனைவி என்னையும் பந்தியில் உட்கார வைத்தாள். சாம்பார் வரை அமைதியாகப் போனது. அடப்பிரதமன் பாயசம் வரும்போது அண்ணன் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஜெயிச்சவனுக்க ஆட்டம் எத்தன நாளைக்குன்னு பாப்போம்."

தம்பி கையை உதறினான். "இனி நான் இந்த வீட்டு நடை ஏற மாட்டேன்" என்று பாதி எழுந்துவிட்டான்.

எங்கள் வீட்டில், பந்தியில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர் எழக்கூடாது. எழுந்தால் சாப்பிடுகிறவரை அவமதித்ததாகும். சமாதானம் பேச எனக்குத் தெம்பில்லை. அழுகைதான் வந்தது. அதை விழுங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.

"இருலே. நான் தின்னு முடியல்ல."

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எங்கள் பக்கம் பாயசத்துக்குப் பிறகும் பந்தி நீளும்: புளிசேரிக்குச் சோறு, ரசத்துக்குச் சோறு, மோருக்கு மறுபடியும் சோறு. வயிறு வெடித்துவிடும் போலிருந்தது. இருவரும் காய்ந்த கையோடு என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மீண்டும் சோறு கேட்டதும் அண்ணனுக்குத் தாங்கவில்லை.

"ஏட்டி, நீ மனுசியா, நெல்லுப் பத்தாயமா?"

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தம்பிக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. அண்ணன்தான் இடது கையால் அவன் தலையில் தட்டினார்.

சமாதானமெல்லாம் ஆகவில்லை. அடுத்த வாரமே வாட்ஸ்அப்பில் பழையபடி வெட்டுக்குத்து. ஆனால் நடை ஏற மாட்டேன் என்ற பேச்சைத் தம்பி அதற்குப்பின் எடுக்கவில்லை. அவர்களைத் திருத்த என்னால் ஆகாது, சேர்ந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தை இன்னும் நாலு வாய்ச் சோறு அளவுக்கு நீட்டத்தான் முடியும். அதற்கே எனக்கு மூச்சு வாங்குகிறது என்றாலும், இந்த ஓணத்துக்கும் இரண்டு பேருக்கும் நான்தான் போன் செய்வேன்.